மூளைக்காயமுற்றோர் தங்கு முகாம்கள்

சாலை விபத்திலோ, உயரத்திலிருந்து விழுந்தோ, தாக்குதலிலோ மூளையில் காயம்பட்டு உயிர்பிழைத்த வயது வந்தோர் சில நாட்கள் ஒன்றாகத் தங்கி நீந்தவும், படகு விடவும், ஆடிப்பாடவும் நடத்தப்படும் முகாம்கள். அமெரிக்காவில் கோடை மாதங்களில், பெரும்பாலும் ஏரிக்கரைகளில் நடக்கின்றன. இவை மருத்துவமனையின் நீட்சி அல்ல, விடுமுறைதான்.

மூளைக்காயம் பட்டவர்களின் பிற்கால வாழ்வைப் பற்றி முதலில் சிந்திக்க வைத்தது போர். முதல் உலகப் போரின்போது கர்ட் கோல்ட்ஸ்டைன் பிராங்க்பர்ட்டில் தலைக்காயமுற்ற வீரர்களுக்கென ஒரு நிறுவனத்தை நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியத்தின் யூரல் பகுதி மருத்துவமனையில் அலெக்சாந்தர் லூரியா அதே பணியைச் செய்தார். இழந்த திறனை மீட்பதும், வீரரை வேலைக்குத் திரும்ப அனுப்புவதுமே அன்றைய கவலை.

1970களில் நிலைமை மாறியது. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1974இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் சுயநினைவிழப்பின் ஆழத்தை அளக்கும் அளவுகோலை வெளியிட்டனர். அவசர சிகிச்சை மேம்பட, முன்பு இறந்திருக்கக்கூடிய பலர் வீடு திரும்பினர். அவர்களில் இளைஞர்கள் ஏராளம். கை கால் நன்றாக இருக்கும், பார்ப்பவர்கள் “இவனுக்கு என்ன குறை?” என்பார்கள். ஆனால் காலையில் சொன்னது மாலையில் நினைவிருக்காது, சட்டென்று கோபம் வரும், எதையும் தானாகத் தொடங்கத் தோன்றாது. முதல் ஆண்டு வந்துபோன நண்பர்கள் மெல்ல மெல்ல நின்றுவிடுவார்கள். காயத்தை விடக் கொடியது இந்தத் தனிமை.

இதை உரக்கச் சொன்னவர்கள் குடும்பத்தினர். பிரிட்டனில் 1979இல் மூளைக்காயமுற்றோருக்கான ஹெட்வே அமைப்பு தோன்றியது. மகள் கார் விபத்தில் காயமுற்றதை அடுத்து மேரிலின் பிரைஸ் ஸ்பிவாக் 1980இல் மாசசூசெட்சில் தேசியத் தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். தொடர்ந்து பல மாநிலங்களில் சங்கங்கள் எழுந்தன. முகாம்கள் பலவற்றை நடத்துபவை இந்தச் சங்கங்களே. வர்ஜீனியா சங்கத்தின் புரூஸ் மெக்காய் முகாம் ஓர் எடுத்துக்காட்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய முகாம் திடல்கள், குறிப்பாக 1919இல் ஒஹாயோவில் எட்கர் ஆலன் தொடங்கிய, பின்னாளில் ஈஸ்டர் சீல்ஸ் எனப் பெயர்பெற்ற அமைப்பின் திடல்கள், இம்முகாம்களுக்கும் பயன்பட்டன. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் மூளைக்காயச் சட்டம் இயற்றியது. ஆயினும் முகாம்கள் பெரிதும் நன்கொடையையும் கட்டணத்தையும் நம்பியே நடக்கின்றன.

முகாமின் ஏற்பாடுகள் நுட்பமானவை. அன்றைய நிகழ்ச்சிகள் குடிலின் கதவருகே பெரிய எழுத்தில் எழுதிவைக்கப்படும். எல்லோர் மார்பிலும் பெயர் அட்டை தொங்கும். பெயரை மறந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. மூளை விரைவில் களைத்துப்போவதால் மதிய உணவுக்குப் பின் கட்டாய ஓய்வு. வலிப்பு மருந்துகள் செவிலியர் பொறுப்பு. விழுங்கச் சிரமப்படுவோருக்குத் தண்ணீரையும் கெட்டியாக்கித் தருவார்கள். படகுத்துறையில் பேசாமல் அமர்ந்திருப்பவரிடம் “வருகிறீர்களா?” என்று கேட்டால் பதில் வராது, துடுப்பைக் கையில் கொடுத்தால் எழுந்து வந்துவிடுவார். இதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் நல்ல தன்னார்வலரின் தேர்ச்சி.

முகாம் நடக்கும் நாட்களில் வீட்டிலிருக்கும் தாயோ மனைவியோ இரவில் விழித்தெழாமல் தூங்குகிறார். முகாம்களின் இரண்டாம் நோக்கம் இது; சில குடும்பங்களுக்கு இதுவே முதன்மையானது.

வீடு திரும்பும் சிலருக்கு முகாமில் நடந்தது எதுவும் நினைவில் தங்காது. அதனால் புகைப்படங்கள் ஒட்டிய குறிப்பேடு ஒன்றைக் கொடுத்தனுப்பும் வழக்கமும் உண்டு. ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் பெயரும், அன்று அவர் செய்ததும் எழுதியிருக்கும்.