பொம்மிடியில் இருந்து கப்பல் படிப்புக்கு

மக்களே, எங்க பொம்மிடிக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. சேர்வராயன் மலையடிவாரம், ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதை, அவ்வளவுதான். இந்த ஊர்க்காரனுக்குக் கப்பலைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம் :) ஆனா ப்ளஸ் டூ முடிக்கிற பசங்க "மரைன் இன்ஜினியரிங் சேரலாமா?"ன்னு கேட்கறாங்களே. அந்தப் படிப்பு நம்ம நாட்டுக்கு எப்படி வந்ததுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

கப்பலோட உருவம், எடை, மிதப்பு எல்லாம் கணக்குப் போட்டு வடிவமைக்கிறவர் நேவல் ஆர்க்கிடெக்ட். ஓடுற கப்பல்ல இன்ஜினைக் கட்டி மேய்க்கிறவர் மரைன் இன்ஜினியர்.

நமக்குக் கப்பல் கட்டத் தெரியாம இல்லீங்க. 1817-ல் பம்பாயில் தேக்கு மரத்துல கட்டின டிரிங்கோமலி கப்பல் இன்னிக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல மிதக்குது. மரம் போய் இரும்பும் நீராவியும் வந்தப்போதான் தொழில் நம்ம கையை விட்டுப் போச்சு.

1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஆனா காலியா, லாவோ ரெண்டு கப்பலையும் வெளிநாட்டுல இருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. 1908-ல் அவர் சிறைக்குப் போனார், 1911-க்குள்ள கம்பெனியும் மூழ்கிப் போச்சு. வெள்ளைக்காரன் செஞ்ச அநியாயம் நமக்குத் தெரியும். நாம அதிகம் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம பையன் கப்பல் அதிகாரியாகப் படிக்க அப்போ இங்கே ஒரு பள்ளிக்கூடம்கூட இல்லை!

அதுக்கு 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பம்பாயில் நிறுத்தி வெச்ச டஃப்ரின்ங்கிற பழைய கப்பல்தான் பள்ளிக்கூடம். 1935-ல் அதுலயே இன்ஜின் பயிற்சியும் சேர்ந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் 1949-ல் கல்கத்தாவில் மரைன் இன்ஜினியரிங்குக்குத் தனிப் பயிற்சி நிலையம், 1952-ல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் நேவல் ஆர்க்கிடெக்சர் துறை. கடைசியா 2008 நவம்பர் 14-ல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், தலைமையகம் நம்ம சென்னையில். கல்கத்தா நிலையம் இப்போ அதோட ஒரு வளாகம். கப்பல் வடிவமைப்புக்கு விசாகப்பட்டினம் வளாகம் இருக்கு.

வ.உ.சி. கம்பெனி தொடங்கி 102 வருஷம்!

அதனால தம்பிகளா, தங்கச்சிகளா, கடலைப் பாத்ததில்லைன்னு தயங்காதீங்க. இயற்பியல், வேதியியல், கணக்கு மூணையும் ஒழுங்காப் படிச்சு நுழைவுத் தேர்வு எழுதுங்க. தனியார் கல்லூரின்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி மத்திய அரசோட கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியல்ல அது இருக்கான்னு நீங்களே பாருங்க. ஏஜென்ட் பேச்சை நம்பி நிலத்தை அடமானம் வைக்காதீங்க.