பேரிகைக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு யாதெனக் கேட்டால், இக்காலத்தார் மைல் கணக்குச் சொல்வதில்லை. "விமானத்தில் ஒரு மணி நேரம்" என்றே விடையிறுக்கின்றனர். பெங்களூருக்கும் சென்னைக்கும் உரிய விடை அதுவே. ஆயின் அவ்விரண்டிற்கும் இடையே, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகையில் நின்று நோக்குவோமானால் கணக்கு மாறிவிடுகின்றது.

இப்பகுதியின் எல்லைகளை வகுத்தவை போர்களே. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகாலைத் திப்பு சுல்தான் ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஓசூர்ப் பகுதியோ 1799 மே 4இல் சுல்தான் வீரமரணம் எய்திய பின்னரே கம்பெனியின் ஆட்சியில் சேர்ந்தது.

அப்போரில் பங்கேற்ற வில்லியம் லாம்டன் என்னும் அதிகாரியே பின்னாளில் தென்னாட்டின் தொலைவுகளைத் துல்லியமாக அளந்தவர். 1800இல் பெங்களூர் அருகிலும், 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகிலும் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடுகளை அவர் அளந்தார். பின்னர்க் குன்றுக்குக் குன்று முக்கோணங்கள் அமைத்து மேற்குக் கரையை எட்டியபோது, சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என வரைபடங்கள் காட்டிய அகலம் 360 மைலே எனத் தெரிந்தது. நாற்பது மைல் நிலம் தாளில் மட்டுமே இருந்தது!

இன்று தாளில் வேறொரு வகையில் தூரம் நீள்கின்றது. திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளியின் அருகில் 2008 மே மாதம் பெங்களூரின் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஆனால் பேரிகைக் குடும்பம் ஒன்று தேவனஹள்ளியை அடைய இரண்டு மணி நேரம், அங்கே காத்திருக்க ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி, மீனம்பாக்கத்திலிருந்து வீடு சேர மேலும் ஒரு மணி என ஐந்தரை மணியாகிவிடும். காரில் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்றாலும் ஏறத்தாழ ஆறு மணி நேரமே!

அருகில் விமான நிலையம் அமையாததற்கு மலையோ ஆறோ காரணமன்று. ஓர் ஒப்பந்தமே காரணம். மைசூர், ஹாசன் நீங்கலாக, பெங்களூர் நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய விமான நிலையம் கூடாதென்பது அதன் விதி. ஓசூரோ அங்கிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர் அளவிலேயே உள்ளது.

இந்நிலையில் 2024 ஜூன் 27 அன்று, ஓசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமையுமெனத் தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2025இல் பேரிகை–பாகலூர் வட்டாரம் அதற்குரிய இடமாகப் பேசப்பட்டது.

அது நிறைவேறின், தொழில் நகரமான ஓசூருக்கு நன்மை மிகுதி. அயல்நாட்டில் பிழைக்கும் மைந்தரை வழியனுப்பும் குடும்பங்களுக்கும் ஆறுதல். எனினும் தக்காளியும் முட்டைக்கோசும் ரோஜாவும் விளையும் மண் இது. லாம்டனின் சங்கிலி நிலத்தின் நீளத்தை அளந்ததேயன்றி, அதை உழுது வாழ்வோரின் வாழ்வை அளக்கவில்லை. பயணத்தில் மிச்சமாகும் சில மணி நேரத்தைக் கணக்கிடுவோர், நிலத்தை இழப்பவருக்குக் கிடைக்கும் ஈடும் மறுவாழ்வும் எவ்வளவு என்பதையும் அதே துல்லியத்தோடு அளத்தல் வேண்டும். அதுவே நீதியான அளவை என்போம்.