மருத்துவக் குறியீட்டுப் படிப்பு: நூல் வாங்குமுன் எந்த நாட்டுக் குறியீடு என்று பாருங்கள்

டிங்கி காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்று ஒருவர் வீடு திரும்பிய பிறகு, அவருடைய நோய் ஒரு குறியீடாக மாறி மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நூலின் புதிய பதிப்புகளில் டிங்கிக்குரிய பிரிவு ஏ97. அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் நூலில் அது ஏ90. இரண்டும் சரிதான், அதனதன் இடத்தில். எஸ்.பி.எம். முடித்து 'மெடிக்கல் கோடிங்' படிக்க விரும்பும் பிள்ளைக்கு நூல் வாங்கும் பெற்றோர் சறுக்கக்கூடிய இடம் இதுதான்.

இணையக் கடைகளில் முதலில் கண்ணில் படுபவை அமெரிக்கப் பாடநூல்கள். தடிமனானவை, விலையும் அதிகம். அவை கற்பிப்பது ஐசிடி-10-சிஎம், சிபிடி, ஹிக்பிக்ஸ் ஆகிய மூன்றையும். இதில் சிபிடி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உடைமை. மலேசிய அரசாங்க மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை தேடுபவருக்கு அது உதவாது.

இங்குள்ள சுகாதார அமைச்சு மருத்துவமனைகளின் 'கேஸ்மிக்ஸ்' முறையில் நோய்களுக்கு ஐசிடி-10, அறுவை உள்ளிட்ட சிகிச்சை முறைகளுக்கு ஐசிடி-9-சிஎம் பயன்படுகின்றன. 2015 அக்டோபர் 1-இல் அமெரிக்கா கைவிட்ட நூல் இந்த ஐசிடி-9-சிஎம். பழசு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். இங்கோ அதன் சிகிச்சைப் பகுதிக்கு இன்னும் வேலை இருக்கிறது. சிங்கப்பூர் கதை வேறு. அங்கு ஆஸ்திரேலியப் பதிப்பான ஐசிடி-10-ஏஎம் நடைமுறையில் உள்ளது.

ஐசிடி-10 மூன்று தொகுதிகளைக் கொண்டது. முதலாவது குறியீட்டுப் பட்டியல், மூன்றாவது அகரவரிசை. அகரவரிசையில் தேடி, கிடைத்த எண்ணை முதல் தொகுதியில் சரிபார்த்த பிறகே பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது தொகுதிதான் விதிகளைச் சொல்கிறது. பலர் புரட்டாமல் விடுவதும் அதைத்தான். ஒரு நோயாளிக்கு நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, நிமோனியா மூன்றும் இருந்தால் எதை முதன்மை நோயாக எழுதுவது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. குறியீட்டுப் பட்டியலை உலகச் சுகாதார நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

தனியார் மருத்துவமனைக் கட்டண முகப்பில் வேலை பார்க்க விரும்புவோருக்கு, 2006-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு விதிமுறைகளின் 13-ஆவது அட்டவணை அறிமுகமாகியிருக்க வேண்டும். மருத்துவர் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிப்பது அதுதான். எந்த அமெரிக்கப் பாடநூலிலும் இது கிடைக்காது.

அமெரிக்க நிறுவனங்களுக்காக வேலை செய்யும் அலுவலகத்தில் சேர எண்ணுபவர் மட்டும் சிபிடி வாங்கலாம். அதிலும் நடப்பு ஆண்டுப் பதிப்பே வேண்டும். சிபிடி ஒவ்வொரு ஜனவரியிலும், ஐசிடி-10-சிஎம் ஒவ்வோர் அக்டோபரிலும் மாறுகின்றன. சிபிசி தேர்வில் நான்கு மணி நேரத்தில் 100 கேள்விகள். நூலைத் திறந்து வைத்தே எழுதலாம். ஆகவே கையில் இருக்கும் நூல் பழையதாக இருந்தால் விடையும் பழையதாகிவிடும். பழைய நூல் விற்பவரிடம் 99201 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். 2021-இல் நீக்கப்பட்ட எண் அது. இன்னும் பயன்பாட்டில் உள்ளதுபோல் அச்சாகியிருந்தால் அந்த நூல் வேண்டாம். ஐசிடி-10-சிஎம் பட்டியலையும் அதன் வழிகாட்டியையும் அமெரிக்க அரசாங்கத் தளங்களே இலவசமாகத் தருகின்றன. அவற்றுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பழைய பதிப்பு பரவாயில்லை என்று துணிந்து சொல்லக்கூடியது மருத்துவச் சொல்லியல் நூல் ஒன்றுதான். 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஐடிஸ்' என்றால் அழற்சி; இவை ஆண்டுதோறும் மாறுவதில்லை. டேவி-எல்லன் சாப்னரின் 'தி லேங்குவேஜ் ஆஃப் மெடிசின்' இவ்வகையில் பெயர் பெற்றது. அறிவியலை மலாயில் படித்த மாணவர் ஆங்கில மருத்துவக் குறிப்புகளைப் படிக்கப் பழக, குறியீட்டு நூலுக்கு முன்பே இதைத் தொடங்குவது நல்லது.

பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன் எந்தக் குறியீட்டு முறை, எந்த ஆண்டுப் பதிப்பு, நூல் விலை கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி நூல் பழையதாக வாங்கினால் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் விடைகளை எழுதி முடித்திருந்தால் அதில் பயிற்சி செய்ய எதுவும் மிச்சமிருக்காது.