பதின்வயதினரின் பதற்றமும் உளச்சிகிச்சையும்: ஒரு வரலாறு

தேர்வுக்கு முந்தைய இரவில் தூக்கம் வராததும், வகுப்பில் எழுந்து பேசும்போது நாக்கு உலர்வதும் நோய் அல்ல. அந்தப் பயம் தேர்வு முடிந்த பின்னும் நீங்காமல், தூக்கத்தையும் சாப்பாட்டையும் பள்ளிக்குப் போவதையும் தொடர்ந்து கெடுக்கும்போதுதான் மருத்துவர்கள் அதைப் பதற்றக் கோளாறு என்கின்றனர். இலங்கைத் தமிழில் இதற்குப் பதகளிப்பு என்ற சொல் வழங்குகிறது. பதின்வயதில் இது பயம் என்ற பெயரோடு வெளியே வருவது குறைவு. வயிற்றுவலியாக, தலைவலியாக, குமட்டலாக வரும். ஞாயிற்றுக்கிழமை இல்லாத வயிற்றுவலி திங்கட்கிழமை காலையில் இருக்கும். வீட்டார் முதலில் வயிற்றுக்கு மருந்து வாங்குவார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். பயந்த சுபாவம் என்று சொல்லி விட்டுவிடுவதும் உண்டு.

இந்தப் பயத்துக்கு உளச்சிகிச்சை அளிக்கத் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதிக் காலம் சிகிச்சையை நாடியவர்கள் பெற்றோரும் ஆசிரியர்களும் நீதிமன்றங்களுமே. பயந்தவர் தாமாக வந்து உதவி கேட்கலாம் என்ற எண்ணம் மிகத் தாமதமாகவே வந்தது.

தந்தையின் குறிப்பேடு

1904-இல் அமெரிக்க உளவியலாளர் கிரான்வில் ஸ்டான்லி ஹால் வளரிளம் பருவத்தைப் பற்றி இரண்டு தொகுதிகளில் ஒரு பெருநூல் வெளியிட்டார். குழந்தைப் பருவத்துக்கும் முதிர்பருவத்துக்கும் நடுவே கொந்தளிப்பான தனிப் பருவம் ஒன்று இருப்பதாக அது வாதிட்டது. ஆனால் அக்காலத்தில் மிகவும் பேசப்பட்ட சிகிச்சை ஒரு சிறுவனுடையது. 1909-இல் சிக்மண்ட் பிராய்டு வெளியிட்ட ‘சின்ன ஹான்ஸ்’ வரலாற்றில், 5 வயதுச் சிறுவன் குதிரைகளுக்குப் பயந்து தெருவில் இறங்க மறுக்கிறான். சிகிச்சையை நடத்தியவர் அவனுடைய தந்தை. மகன் சொன்னவற்றை அவர் எழுதி அனுப்ப, பிராய்டு விளக்கம் எழுதினார். சிகிச்சைக் காலத்தில் பிராய்டு அச்சிறுவனை ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்துப் பேசினார். 1922-இல் 19 வயது இளைஞனாக ஹான்ஸ் பிராய்டைச் சந்தித்தபோது, அந்த வரலாற்றைப் படித்தும் தனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று கூறினார். அவரைப் பற்றிய புகழ்பெற்ற ஆவணம் அவருக்கே அந்நியமாக இருந்தது.

முயல் கூண்டு

1920-இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ‘ஆல்பர்ட்’ என்ற கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் சுத்தியலால் இரும்புத் தண்டைத் தட்டி ஓசை எழுப்பிப் பயத்தை ஊட்டினர். இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது. ஊட்டிய பயத்தை அவர்கள் போக்கவும் இல்லை.

பயத்தைப் போக்கும் வேலையைச் செய்தவர் மேரி கவர் ஜோன்ஸ். 1924-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பீட்டர் என்ற சிறுவன் முயலைக் கண்டால் அலறுகிறான். அவன் விருப்பமான உணவைச் சாப்பிடும்போது, கூண்டிலிருந்த முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார். பயமின்றி அவன் எவ்வளவு தூரம் தாங்குகிறானோ அவ்வளவு தூரத்தில் நிறுத்தி, அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். இடையில் பின்னடைவும் நேர்ந்தது. முடிவில் பீட்டர் முயலைக் கையால் தடவினான்.

இன்றைய பதற்றச் சிகிச்சையின் மையமே இதுதான்: பயப்படுவதைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும், தாங்கக்கூடிய அளவில் படிப்படியாக எதிர்கொண்டால் தணியும். ஆனால் இந்த ஆய்வை அன்று கவனித்தவர்கள் குறைவு. ஜோன்ஸ் கலிபோர்னியாவுக்குச் சென்று, ஓக்லாந்து வளர்ச்சி ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளைப் பதின்வயது கடந்து நடுவயது வரை பல பதிற்றாண்டுகள் பின்தொடர்ந்தார். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958-இல் தம் நூலில் படிப்படியாக அச்சம் நீக்கும் முறையை விளக்கிய பிறகே பழைய முயல் கதை மீண்டும் பேசப்பட்டது. ஜோன்ஸை ‘நடத்தைச் சிகிச்சையின் தாய்’ என்று அழைத்தவரும் வோல்பேதான். ஒரு பெண் 1924-இல் கண்டதற்கு மதிப்பு வர ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஆயின.

யார் குற்றம்?

இடைப்பட்ட காலத்தில் குழந்தை வழிகாட்டு நிலையங்கள் பெருகின. இவற்றின் தொடக்கம் 1909-இல் சிகாகோவில் வில்லியம் ஹீலி நடத்திய நிலையம். சிறார் நீதிமன்றம் அனுப்பிய பிள்ளைகளே அங்கு வந்தனர். இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு நிலையம் 1937-இல் பம்பாயில், டாடா சமூகப்பணிப் பட்டதாரிப் பள்ளியில் தொடங்கப்பட்டது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்ப்பது இந்த நிலையங்களின் நல்ல மரபு. இவற்றில் தொந்தரவு தரும் பிள்ளைகள் எளிதில் கண்ணில் பட்டனர். சத்தமில்லாமல் பயந்துகிடந்தவர்கள் படவில்லை.

பள்ளிக்குப் போக மறுப்பது ஒழுங்கீனம் அல்ல, பயமாக இருக்கலாம் என்பது 1930-களில் மருத்துவ எழுத்தில் இடம்பெறத் தொடங்கியது. 1941-இல் அடெலெய்ட் ஜான்சனும் உடன் பணியாற்றியவர்களும் ‘பள்ளி அச்சம்’ என்று அதற்குப் பெயரிட்டு, வேர் பள்ளியில் அல்ல, தாயைப் பிரியும் பயத்தில் இருக்கிறது என்றனர். பிள்ளை மீதிருந்த பழி தாய் மீது போனது. அதனால் எத்தனை தாய்மார்கள் குற்ற உணர்வோடு வீடு திரும்பியிருப்பார்கள் என்று கணக்கெடுக்க முடியாது.

பயத்துக்கு ஒரு படிக்கட்டு

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க்கையேட்டு மூன்றாம் பதிப்பு குழந்தைகள், பதின்வயதினரின் பதற்றக் கோளாறுகளுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கியது. பெயர் வந்ததும் அளக்க முடிந்தது. அளக்க முடிந்ததும் சிகிச்சையைச் சோதிக்க முடிந்தது. ஆரன் பெக் வளர்த்தெடுத்த அறிவாற்றல் சிகிச்சையும் வோல்பேயின் நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்து உருவான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பிலிப் கெண்டல் இளையோருக்கு ஏற்றவாறு அமைத்தார். 1994-இல் 9 முதல் 13 வயது வரையிலான 47 பேரிடம் நடந்த அவரது ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோருக்கு முதன்மையான பதற்றக் கோளாறு நீங்கியிருந்தது.

இதன் நடைமுறை எளிது, செய்வதுதான் கடினம். வகுப்பில் வாய் திறக்கப் பயப்படும் ஒன்பதாம் வகுப்பு மாணவியை எடுத்துக்கொள்வோம். முதலில் பயம் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனிக்கிறாள். அடுத்து, ‘தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், வருடம் முழுவதும் கேலி செய்வார்கள்’ என்று மனம் ஓட்டும் படத்தை எழுதிவைத்து, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஆராய்கிறாள். பிறகு பயங்களைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை படிக்கட்டாக அடுக்குகிறாள்: தோழியிடம் ஒரு பத்தியை உரக்கப் படிப்பது, ஆசிரியரிடம் தனியாக ஒரு சந்தேகம் கேட்பது, வகுப்பில் ஒரு வரியில் பதில் சொல்வது, கடைசியில் எழுந்து நின்று பேசுவது. ஒவ்வொரு படியிலும் பயம் தணியும்வரை நிற்க வேண்டும். சிகிச்சை அறையில் பேசுவது பாதி வேலைதான், மறுபாதி வீட்டுப்பாடம். பீட்டரின் முயல் கூண்டை நகர்த்தியவர் ஜோன்ஸ். இங்கே கூண்டை நகர்த்துவது அந்த மாணவியே.

2008-இல் வெளியான அமெரிக்கப் பலமைய ஆய்வு 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரை 12 வாரங்கள் கவனித்தது. பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 59.7 சதவீதம், செர்ட்ராலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 54.9 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 80.7 சதவீதம் நன்கு தேறினர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் தேறியவர்கள் 23.7 சதவீதம். சில ஆண்டுகள் கழித்து இவர்களில் ஒரு பகுதியினரை மீண்டும் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது. ஒருமுறை சிகிச்சை பெற்றால் ஆயுளுக்கும் போதும் என்று சொல்வதற்கில்லை.

தேநீரும் தொலைபேசியும்

மருத்துவ நிலையங்களுக்கு வெளியே இன்னொரு மரபு வளர்ந்தது. 1935-இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் நடத்திய முதல் அடக்கச் சடங்கு 14 வயதுச் சிறுமியுடையது. முதல் மாதவிடாயைப் பாலியல் நோய் என்று எண்ணிப் பயந்து அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்றும், கேட்க அவளுக்கு யாருமே இருக்கவில்லை என்றும் வாரா பின்னாளில் கூறினார். 1953 நவம்பரில் லண்டன் தேவாலயம் ஒன்றில் அவர் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அதுவே சமாரிட்டன்ஸ் அமைப்பாயிற்று. நேரில் வந்தவர்கள் அவருக்காகக் காத்திருக்கையில் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தனர். பலருக்கு அந்தப் பேச்சே போதுமானதாக இருந்ததைக் கண்டு, சில மாதங்களில் கேட்கும் பணியை வாரா அவர்களிடமே விட்டார்.

அந்த மரபில் வந்ததே 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் நிறுவிய சினேகா. தேர்வு முடிவுகள் வரும் நாட்கள் அதற்கு நெருக்கடியான நாட்கள். 1998 முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் தேர்வுக் காலத் தொலைபேசி ஆலோசனை வழங்கிவருகிறது. 2017-இல் தமிழ்நாடு அரசு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பைக் கைவிட்டது. பயந்த பிள்ளையை மட்டும் திருத்தாமல் பயத்தின் காரணத்தில் கைவைத்த அரிய முடிவுகளில் ஒன்று இது என்பேன். 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இயங்குகிறது.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 18 வயது நிறையாதவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரையே நியமனப் பிரதிநிதியாகக் கொள்கிறது. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் வீட்டில் சொல்லவே பயப்படும் மாணவருக்கு அதுவே முதல் தடையாகவும் ஆகலாம். பள்ளிக்குள் கிடைக்கும் உதவிக்கு இங்கேதான் மதிப்பு. புதுடெல்லியில் ஆறு அரசுப் பள்ளிகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குச் சிக்கலைத் தீர்க்கும் முறையைச் சில அமர்வுகளில் கற்றுக்கொடுத்தனர். மாணவர்கள் தாமே பட்டியலிட்ட சிக்கல்களின் கடுமை குறைந்தது. நோய் அறிகுறிகளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அத்திட்டத்தின் இன்னொரு பகுதியில், ஆலோசனை என்றால் என்ன, அங்கே என்ன நடக்கும், சொன்னது வெளியே போகுமா என்பதை வகுப்பறையிலேயே விளக்கிப் பார்த்தனர். அப்படி விளக்கிய வகுப்புகளில் உதவி கேட்டவர்கள் பல மடங்கு கூடினர். அவர்களில் பெரும்பாலோரை யாரும் அனுப்பிவைக்கவில்லை. தாமாகவே வந்து பெயர் கொடுத்தவர்கள்.