லுணுகலை மலைப் பாதையும் முன்சக்கரப் பூட்டும்

1924இல் பதுளையோடு நின்றுவிட்ட ரயில் பாதைக்கு அப்பால், பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் செங்குத்தான தோட்டப் பாதைகள், நான்கு சக்கரங்களும் உந்தும் வாகனங்களுக்கே உரியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜீப்புகளில், தார்ச்சாலையில் தேவையற்ற வேளையிலும் முன் அச்சுத்தண்டுகள் வீணே சுழன்று தேய்ந்ததால், 1948இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் தொடங்கிய நிறுவனம், சக்கரத்தின் குடத்தை அச்சுத்தண்டோடு கையால் இணைக்கவும் பிரிக்கவும் வகைசெய்யும் லொக்கிங் ஹப்புகளைத் தயாரித்தது. சேறு தொடங்குமிடத்தில் சாரதி இறங்கி, இரு முன்சக்கரங்களின் நடுவிலுள்ள திருகுகளையும் 'லொக்' குறிக்குத் திருப்ப வேண்டும். ஒன்றை மறந்தால், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் சாதாரண டிபரன்ஷல் உந்துவிசையை அந்தப் பூட்டாத பக்கத்துக்கே விரயமாக்க, முன்சக்கரங்கள் இரண்டும் உதவாமற் போகும்.

இலங்கையில் 1970–77 காலத்தின் கடும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உதிரிப்பாகங்களை அரிதாக்கின. பழைய பாகங்களுக்குப் பெயர்பெற்ற கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இத்தகைய ஹப்பைத் தேடுவோர், வண்டியின் பெயரை மட்டும் நம்பாமல், அச்சுத்தண்டு நுனியின் பல்வரிகளை எண்ணி, போல்ட் துளைகளின் இடைவெளியையும் ஒப்பிடுவதே முறை, ஏனெனில் ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்காண்டு இவை மாறக்கூடும்.