தொட்டிக்குள் நடந்தவர்கள்

ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் பூட்சுமாக விறுவிறுவென்று நடந்துபோகிற ஆளை 1908-இல் வரைந்தவர் டாம் பிரவுன் என்ற ஓவியர். வாக்கர் என்றால் நடப்பவர்தானே என்ற சிலேடை. ஆனால் அந்தப் பெயரை முதலில் சுமந்தவர்கள் எங்கேயும் போகவில்லை. தொட்டிக்குள் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

மிதித்தது கம்பளித் துணியை. தறியிலிருந்து இறங்கும்போது அது பிசுபிசுவென்று, இழை இழையாக விட்டுக் கிடக்கும். தொட்டியில் போட்டு வெறுங்காலால் மிதிக்க மிதிக்க ரோமங்கள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கித் தடிக்கும். பிசுக்கை எடுக்க ஒருவகைக் களிமண், கூடவே நாள்பட்ட சிறுநீர். சிறுநீர் பழசானால் அமோனியா உண்டாகும். சோப்பின் வேலையை அது பார்த்துவிடும். உடுத்தியவர்களுக்குக் கதகதப்பு, மிதித்தவர்களுக்கு நாற்றம்.

இந்த ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள். வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். டக்கரின் வேர்ச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வதைப்பது என்று பொருள். (நம்மூர் ‘டக்கர்’ வேறு!) எக்ஸிடர் நகரில் இந்தத் தொழிலாளர்கள் 1471-இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது.

தண்ணீர்ச் சக்கரம் சுழற்ற, மரச் சம்மட்டிகள் துணியை அடிக்கும் ஆலைகள் 1185-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே தென்படுகின்றன. தொழிற்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக நிலைத்ததோ பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். அதற்குள் பல ஊர்களில் கால்களுக்கு வேலை போய்விட்டது.

பெயர் மட்டும் பரவிக்கொண்டே போனது. இங்கிலாந்தின் நடமாடும் அகராதி போல வாழ்ந்த பாதிரியார் தாமஸ் ஃபுல்லர் (1608–1661), தன் கல்லறைக்கு ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்ற சொல்லையே எழுதச் சொன்னதாக ஒரு கதை உண்டு. துணி வெளுத்த அந்தக் களிமண்ணின் பெயர் அது. முல்தானி மெட்டி என்று கடையில் வாங்கி நாம் முகத்தில் பூசிக்கொள்வதும் அதே வகை மண்தான்.

அந்தப் பெயரோடு வந்த நியூசிலாந்து ஓட்டக்காரர் ஜான் வாக்கர் 1975-இல் ஒரு மைலை 3 நிமிடம் 49.4 வினாடியில் ஓடினார். 3:50-க்குள் ஓடிய முதல் ஆள். கால் பலம் வம்சாவளியோ என்னவோ!

விஸ்கிக்காரர் ஜான் வாக்கர், 1820-இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக்கடை வைத்த பையன். அவர் பெயர் பம்பாய்க்கும் வந்தது. பதருத்தீன் காஜி என்ற பஸ் கண்டக்டர் குடிகாரனைப் போலத் தள்ளாடி நடித்துக்காட்ட, அதைப் பார்த்த இயக்குநர் குரு தத் அவருக்கு ஜானி வாக்கர் என்று பெயர் வைத்தார்.