மெல்லியரா, சுயபுணர்ச்சிக்காரரா? 1 கொரிந்தியர் 6:9இன் இரு சொற்களும் ஒரு தமிழ்ச் சாட்சியும்

ஒருபால் உறவு பாவமா என்ற வினாவுக்குக் கிறித்தவ மரபில் விடை தேடுவோர் சோதோமில் தொடங்கி, லேவியராகமம் வழியாகப் பவுலின் திருமுகங்களில் வந்து நிற்பார்கள். சோதோம் பற்றிய விவாதம் டெரிக் ஷெர்வின் பெய்லியின் 1955ஆம் ஆண்டு நூலோடு திசை மாறியது. செருக்கும் ஏழையைக் கைவிட்டதுமே சோதோமின் குற்றம் என்று எசேக்கியேல் 16:49 சொல்வதை இன்று துறையில் உள்ள எல்லாரும் அறிவர். அதை நான் மீண்டும் கிளறப்போவதில்லை. என் அக்கறை 1 கொரிந்தியர் 6:9இல் அடுத்தடுத்து நிற்கும் மலக்கோய், அர்செனோக்கொய்த்தாய் என்னும் இரு கிரேக்கச் சொற்கள் மீதுதான். அவற்றைப் பற்றி ஜான் பாஸ்வெல் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. சரியான பாதிக்கு அவர் எடுத்துக்காட்டாத ஒரு சாட்சி, கறுப்பு அட்டையோடு நம் வீட்டு அலமாரிகளிலேயே இருக்கிறது.

யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியரான பாஸ்வெல்லின் பெருநூல் 1980இல் வந்தது. திருச்சபை தொடக்கம் முதலே ஒருபால் உறவினரை வெறுத்ததில்லை, அந்தக் கடுமை 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இறுகியது என்பது அவர் கொள்கை. அதை நிறுவ, பவுலின் இரு சொற்களையும் அவர் வழியிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது. மலக்கோய் என்பதற்கு நேர்பொருள் ‘மெல்லியர்’. ஒருபால் உறவினரைக் குறிக்கும் பெயராகக் கிரேக்கர் அதை வழங்கவில்லை. சீர்திருத்தக் காலம் வரை திருச்சபை முழுவதும், கத்தோலிக்கத்தில் 20ஆம் நூற்றாண்டு வரையிலும்கூட, அதைத் தன்னின்பப் பழக்கம் என்றே ஒருமனதாக வாசித்தார்கள் என்றார் அவர். அர்செனோக்கொய்த்தாய் என்பதற்கோ ‘ஆண் பரத்தர்’ என்று பொருள் கொண்டார்.

முதற்சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ஒருமனதாக’ என்பது மிகை. டிண்டேல் 1526இல் வலுவற்றவர் என்ற பொருளிலும், 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் பெண்தன்மையர் என்ற பொருளிலும் பெயர்த்தார்கள். லூத்தரின் ஜெர்மன் சொல்லும் ‘மென்மையர்’ என்பதே. இவை தன்னின்பத்தை விலக்கவில்லை. அதைச் சொல்லவும் இல்லை. தமது கட்சிக்கு வசதியான இடத்தில் பாஸ்வெல் மௌனத்தை ஒப்புதலாக எண்ணிவிடுகிறார். இருந்தும் அவர் சுட்டிய வாசிப்பு ஒன்று உண்மையிலேயே வாழ்ந்தது. அதற்குத் தமிழ் சாட்சி சொல்கிறது.

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பைத் திறந்து பார்க்கலாம். ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளியான பதிப்பின் வழிவந்தது அது. மத்தேயு 11:8இல் அரச மாளிகை ஆடையைப் பற்றி வரும் இதே கிரேக்கச் சொல்லுக்கு அங்கே ‘மெல்லிய’ என்ற சொல் நிற்கிறது. கொரிந்தியரிலோ ‘சுயபுணர்ச்சிக்காரர்’. அகராதிப் பொருளை அறிந்தே விட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட செயலின் பெயரைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆங்கில மூலத்தைப் பார்த்துப் பெயர்த்தவர் எவரும் இந்தச் சொல்லுக்கு வந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். இது ஒரு விளக்க மரபின் முத்திரை. கத்தோலிக்கத்துக்கு வெளியே சீர்திருத்தத்தோடு மறைந்ததாகப் பாஸ்வெல் சொன்ன வாசிப்பு, சென்னையின் புராட்டஸ்டண்ட் குழு ஒன்றில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால் நெருங்கும்போதும் உயிரோடு இருந்திருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது? 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாடும், அதன்பின் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பும் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தின் பிள்ளைகள். தன்னின்பத்தை உடலையும் ஆன்மாவையும் அழிக்கும் பெரும்பாவமாக முன்னிறுத்திய ‘ஒனானியா’ என்ற லண்டன் சிறுநூலும் ஏறத்தாழ அதே பத்தாண்டில்தான் வெளியாயிற்று (அதன் முதற்பதிப்பு ஆண்டு பற்றி இன்னும் பிணக்கு உண்டு). அதே பொருளில் திசோவின் மருத்துவ நூல் 1760இல் பிரெஞ்சில் வந்தது. லூத்தரின் ‘மென்மையர்’, இந்தப் பேரச்சத்தின் நூற்றாண்டில் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ ஆகித் தமிழுக்குள் கப்பலேறியிருக்க வேண்டும். இது ஊகம்தான். பப்ரிசியுஸையும் பவரையும் வரிக்குவரி ஒத்துப்பார்க்கும் வரை, சொல் 18ஆம் நூற்றாண்டினதா 19ஆம் நூற்றாண்டினதா என்று நான் அறுதியிடத் துணியேன். ஆயினும் வேறெந்த வழியும் இத்தனை இயல்பாக எனக்குப் படவில்லை.

கிரேக்கத் திருச்சபையிலும் மலக்கியா என்ற சொல் தன்னின்பத்தின் பெயரானது. அதற்குப் பெரும்பாலும் காட்டப்படுவது, 595இல் மறைந்த கொன்ஸ்தாந்திநோபிள் பிதாப்பிதா நோன்பர் யோவான் பெயரில் வழங்கும் பாவத்தீர்வுக் கையேடு. அதே கையேட்டில்தான் ஆண்கள் தம் மனைவியரிடமே அர்செனோக்கொய்த்தியா செய்வதாகவும் ஒரு குறிப்பு வருகிறது. பாஸ்வெல் அதை மகிழ்ச்சியோடு எடுத்தாள்கிறார். கையேட்டின் இன்றைய வடிவமோ யோவானுக்குப் பிந்தியது, எவ்வளவு பிந்தியது என்பதில் உடன்பாடு இல்லை. நூற்றாண்டுகள் கழிந்து ஒரு சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இக்கையேடு சொல்லும். பவுல் எங்கே தொடங்கினார் என்பதைச் சொல்லாது.

இனி இரண்டாம் சொல். ‘அர்செனோ’ என்னும் முன்னுறுப்பு ஆணைச் செயப்படுபொருளாகக் காட்டாது, செய்பவனின் பாலையே குறிக்கும் என்று பாஸ்வெல் வாதிட்டார். அதாவது ‘ஆணோடு படுப்பவன்’ அல்ல, ‘படுக்கும் ஆண்’. ‘அர்ரெனோ’ என்னும் வடிவமே ஆணைச் செயப்படுபொருளாக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தச் சிக்கல் தமிழ் மாணவனுக்குப் புதிதல்ல. ‘புலிகொல் யானை’ என்றால் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பிய உரைகாரர்கள் தடுமாறு தொழிற்பெயருக்குக் காட்டும் எடுத்துக்காட்டு இது. சூழலைக் கொண்டே பொருள் துணிய வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இச்சொல்லுக்குப் பழைய மொழிபெயர்ப்பு வைத்த ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்ற தமிழ்த்தொகையும் அப்படியே இரு வழியிலும் விரியும். பவர் நன்னூலை ஆங்கில விளக்கத்தோடு பதிப்பித்தவர். தொகையின் இந்த ஊசலாட்டம் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

பாஸ்வெல் செய்யாமல் விட்டது அந்தச் சூழலைத் தேடும் வேலையைத்தான். 1984இல் டேவிட் ரைட் அதைச் செய்தார். ‘அர்ரெனோ’, ‘அர்செனோ’ வேறுபாடு வெறும் வட்டார வழக்கு என்று காட்டினார். லேவியராகமம் 20:13இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘ஆண்’, ‘படுக்கை’ என்னும் இரு சொற்களும் தோளோடு தோள் நிற்பதைச் சுட்டி, பவுலின் கூட்டுச்சொல் அங்கிருந்தே வார்க்கப்பட்டது என்றார். அதற்கு முந்திய ஆண்டு ராபின் ஸ்க்ராக்ஸ் எபிரேய ரபிமார் வழக்கிலிருந்து ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்திருந்தார். எனக்கு இது வலுவாகப் படுகிறது. தமிழ் வாசகருக்கு இந்த உறவு கண்ணில் படாததற்கும் ஒரு காரணம் உண்டு: பழைய மொழிபெயர்ப்பு லேவியராகமத்தில் ‘சம்யோகம்’ என்றது, கொரிந்தியரில் ‘புணர்ச்சி’ என்றது. கிரேக்கத்தில் ஒரே வேர் இருந்த இடத்தில் தமிழில் வடசொல் ஒருபுறமும் தென்சொல் மறுபுறமுமாகப் பிரிந்துவிட்டன.

ஆனால் சொல்லின் பிறப்பு வேறு, வழக்கு வேறு என்று 1996இல் டேல் மார்ட்டின் எழுப்பிய தடையை ரைட்டின் பக்கம் நிற்பவர்கள் எளிதில் தாண்டிவிட முடியாது. சிபில்லா வாக்குகளின் இரண்டாம் நூல், யோவான் பணிகள், அந்தியோக்கியா தெயோபிலுஸ் ஆகியவற்றின் பாவப் பட்டியல்களில் இச்சொல் கொள்ளை, சுரண்டல் போன்ற குற்றங்களின் அண்டையில் வருவதை அவர் காட்டினார். சிபில்லா நூலின் அப்பகுதிக்குத் திட்டமான காலம் இல்லை. பவுலுக்கு முந்தியது என்பாரும் உண்டு, பிந்தியது என்பாரும் உண்டு. முந்தியது என்றால் பவுல் இச்சொல்லைப் படைத்தார் என்ற பேச்சே விழுந்துவிடும். லேவியராகமத்திலிருந்து பிறந்த சொல் சந்தையில் வேறு சாயம் ஏறியிருக்கலாம் என்பதற்கு மேல் இங்கே நான் போகமாட்டேன்.

பாஸ்வெல்லின் ‘நீண்ட சகிப்பு’ பற்றி ஒரு சொல். ரோமர் திருமுகத்துக்கு விரிவுரை செய்த கிறிசோஸ்தோம், 4ஆம் நூற்றாண்டிலேயே ஒருபால் உறவைக் கடும் சொற்களால் தாக்குகிறார். அவர் அங்கே அர்செனோக்கொய்த்தாய் என்ற சொல்லை ஆளவில்லை என்பதைப் பாஸ்வெல் பெரிய சான்றாக்குகிறார். திட்டுகிறவருக்கு ஒரு சொல் போதுமா என்ன! சிறுவரைக் கெடுத்தவருக்குச் சாகும் தறுவாயிலும் நற்கருணை மறுத்த எல்விரா மன்றத்தின் 71ஆம் விதியும் உண்டு. ஆனால் அது சிறுவரைப் பற்றியது, விதித்தொகுப்பு முழுவதும் ஒரே காலத்ததா என்பதும் ஐயம். அதை இதற்குள் இழுக்கத் தயங்குகிறேன்.

1946இல் அமெரிக்காவில் வெளியான திருத்திய புதிய ஏற்பாடு, இரு கிரேக்கச் சொற்களையும் ஒன்றாக்கி ஒருபாலினர் என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லை வைத்தது. 1971இல் அதே மொழிபெயர்ப்பு அதை மாற்றி, பாலியல் நெறிதிரிந்தோர் என்றது. 1989இல் இரண்டும் மறுபடி பிரிந்தன; முதலாவது ‘ஆண் பரத்தர்’ ஆயிற்று. பாஸ்வெல் இரண்டாம் சொல்லுக்குச் சொன்ன பொருள் முதற்சொல்லின் இடத்தில் போய் உட்கார்ந்தது வேடிக்கைதான். இத்தனைக்கும் இடையில் தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பின் வாசகர், அதே வசனத்தின் அதே இடத்தில், ஒருபால் உறவோடு தொடர்பே இல்லாத ஒரு செயலின் பெயரை ஞாயிறுதோறும் வாசித்துக்கொண்டிருந்தார். இன்றும் வாசிக்கிறார்.